முப்பத்தேழு கட்டைகளோடு சனத்நகர் போன கதை

சைலோஃபோனைச் சுமந்துகொண்டு திருச்சியிலிருந்து ஹைதராபாத் போகப்போகிறவர்கள் யாரும் இந்தப் பக்கத்தைத் தேடி வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஹார்மோனியம், வீணை, டிரம் செட் என்று எதையாவது தூக்கிக்கொண்டு ரிப்பேருக்காக ஊர் ஊராக அலைகிறவர்கள் நிறைய இருக்கிறோம். அவர்களுக்காக எழுதுகிறேன். பிரியாணிக்கும் சார்மினாருக்கும் வழி தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். நான்கு நாள் அந்த ஊரில் இருந்தும் இரண்டின் பக்கமும் நான் எட்டிப் பார்க்கவில்லை.

நான் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடமாக சைலோஃபோன் வாசிக்கிறேன். கோயில் திருவிழா மேடையில், கீபோர்டுக்கும் தபேலாவுக்கும் நடுவே, ஒரு மேசை மாதிரியான சட்டத்தில் அடுக்கிய மரக்கட்டைகளை இரண்டு குச்சிகளால் ஒருத்தி தட்டிக்கொண்டிருப்பாளே, அது நான்தான். மொத்தம் முப்பத்தேழு கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் குறுக்கே இரண்டு துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வழியாக நீளமாக ஒரு கயிறு ஓடும். கட்டைக்குக் கட்டை நடுவில் ஓர் இரும்பு முளை நின்று அந்தக் கயிற்றைத் தாங்கும். அவ்வளவுதான் அமைப்பு. ஆணி, திருகு எதுவும் கிடையாது.

போன தை மாதத்திலிருந்து என் வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. ஒரு கச்சேரி முடிந்தால் இரண்டு நாளைக்குத் தோசைக்கரண்டி பிடிக்க முடியாது. டாக்டர் பார்த்துவிட்டு, “தசைநாரச் சுத்தி உறை மாதிரி இருக்கும்மா, அது வீங்கியிருக்கு. அடிக்கிற வேகத்தக் குறைங்க. முடியலன்னா மொத்தமா நிறுத்திடுங்க” என்றார். வேகத்தைக் குறைத்தால் சத்தம் வரவில்லை. என் சைலோஃபோன் மூன்று வருடமாகவே மந்தமாகிவிட்டது. ஓங்கி அடித்தால்தான் ‘டொக்’ என்றாவது கேட்கும். எங்கள் குழுவை நடத்தும் குணா என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அக்கா, ஆடி சீசனுக்கு அந்த சத்தத்த கீபோர்டுலயே எடுத்துக்கலாம். நீங்க கோரஸ்ல நில்லுங்க” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். அதற்குள், மெதுவாகத் தட்டினாலும் வாய் திறந்து பேசுகிற மாதிரி அதைச் சரிசெய்தாக வேண்டும். இல்லையென்றால் என் வாசிப்பு முடிந்தது.

சென்னையில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் புதிது வாங்கச் சொன்னார். இன்னொருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போடும் எமோஜி அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை புரியவில்லை. அப்போதுதான் என் சித்தி மகள் மாலதி போன் செய்தாள். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரருக்கு அங்கே பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை. “எங்க அப்பார்ட்மென்ட்ல தியாகுன்னு ஒருத்தர் இருக்கார்க்கா. நம்மாளுங்கதான். சனத்நகர்ல பட்டறை. அதிர்வுக்கு ரப்பர் செய்யறதுதான் அவர் தொழிலே” என்றாள். அதிர்வு என்று கேட்டதும் டிக்கெட் போட்டுவிட்டேன். அவருடைய ரப்பர் அதிர்வுக்கு வேண்டியதா வேண்டாததா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். திருச்சியிலிருந்து பகல் ரயிலில் சென்னை, 336 கிலோமீட்டர். அங்கிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் செகந்திராபாத் ரயில். சுமார் 790 கிலோமீட்டர், இரவு முழுக்கப் பயணம், படுக்கை வசதிக்கு 420 ரூபாய். கட்டைகளைக் கயிற்றிலிருந்து கழற்றாமல் அப்படியே ஒரு ஜமக்காளத்தில் சுருட்டினேன். ஒன்பது கிலோ. முளைகள் பொருத்திய நான்கு சட்டங்களையும் தனியே கழற்றிக் கட்டினேன். நாலே கால் அடி நீளம். வெளியே முளைகள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்ததால் பார்க்கிறவர்களுக்கு ஏணி மாதிரி இருந்தது போலும். சென்னை போர்ட்டர் ஏணியா என்று கேட்டார். எதிர் படுக்கைக்காரர் கேட்டார். டிக்கெட் பரிசோதகர் கேட்கவில்லை, ஆனால் பார்த்த பார்வையில் ஏணி இருந்தது. சட்டங்களை என் படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, கட்டைச் சுருட்டைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டேன். கீழ்ப்படுக்கை கிடைக்காவிட்டால் இப்படிப்பட்ட சாமானோடு போகாதீர்கள்.

காலை ஏழரைக்கு செகந்திராபாத். வெளியே தூறல். மாரெட்பள்ளி மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு, நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார். சட்டங்களைத் தூக்கி உள்ளே வைத்தபடி, “சீடி ஹை க்யா அம்மா?” என்றார். எனக்கு இந்தி அரைகுறைதான், ஆனாலும் சீடி என்றால் ஏணி என்று அந்த ரயிலிலேயே தெரிந்துகொண்டிருந்தேன். மாலதி வீட்டு வாசலில் அவள் மகள் கதவைத் திறந்தாள். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். “பெத்தம்மா, இதி நிச்செனவா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மாலதி உள்ளேயிருந்து, “ஏணி இல்லடி, மியூசிக்!” என்று கத்தினாள்.

பத்து மணிக்கு சனத்நகருக்குக் கிளம்பினேன். பதினோரு கிலோமீட்டர், செயலியில் பிடித்த ஆட்டோவுக்கு 210 ரூபாய், நெரிசலில் ஐம்பது நிமிடம். மெட்ரோவில் போகலாமே என்று தோன்றும். நீளமான சாமானை உள்ளே விடுவார்களா என்று சந்தேகமாக இருந்ததால் நான் முயலவில்லை. பழைய தொழிற்பேட்டை அது. தகரக் கொட்டகைகள், லேத் எண்ணெய் வாசனை, மழைநீர் தேங்கிய குழிகள். குழி ஒவ்வொன்றிலும் ஆட்டோ இறங்கி ஏறும்போது சுருட்டை மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டேன்.

தியாகுவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அரக்கோணத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் லாலாகூடா ரயில்வே பட்டறை வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர் பேசுகிற தமிழ் அரக்கோணத்தில் கிளம்பி வழியில் இரண்டு மூன்று ஊரில் இறங்கி ஏறி வந்த தமிழ். ஜெனரேட்டர், பம்ப், ஏசி இயந்திரம் எல்லாம் ஓடும்போது தரை அதிராமல் இருக்க அடியில் வைக்கிற ரப்பர் தாங்கிகளைச் செய்கிறார். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ரப்பர் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது பத்மா என்ற தெலுங்குப் பெண்மணி.

என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். “ஹவ் அக்கா” என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினார். “புரிஞ்சிது. நாளைக்கு வாங்க, ஒரு கட்டைய மட்டும் என்கிட்ட வுட்டுட்டுப் போங்க” என்றார். கயிற்றின் ஓரத்தில் இருந்த ஒரு கட்டையை உருவிக் கொடுத்தேன். நாளை வரை எங்கே பொறுப்பது? டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு திரும்பிப் போனேன். அதற்குள் அவர் வேலையை முடித்து, மேசைமேல் வைத்து எனக்காகவே காத்திருந்த மாதிரி சிரித்தார். கட்டையின் நான்கு மூலைக்கும் நான்கு கறுப்பு ரப்பர், பம்புக்கு வைப்பது போலவே. பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீர்.

“இப்ப அடிங்கக்கா” என்றார்.

அடித்தேன். பூசணிக்காயைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம். அவர் குனிந்து டம்ளரைப் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை. “பாத்தீங்களா? ஒரு பொட்டு அதிர்வு வெளிய போவல!” என்று முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தார்.

ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து இதைக் கேட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துக்கமெல்லாம் இல்லை, சுத்தமான கோபம். “தம்பி, அதிர்வை நிறுத்தத்தான் உங்ககிட்ட வர்றாங்க. எனக்கு அதிர்வு வேணும். அது நின்னு போச்சுன்னுதான் வந்திருக்கேன்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அச்சு இயந்திரத்தருகில் பத்மா திரும்பிப் பார்த்தார்.

“கைக்கு அக்கா இவ்ளோ கோவம்?” என்றார் தியாகு. ஏன் என்றுதான் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பிறகு அவரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “இருவது வருஷமா ஒரே கேள்விக்கு பதில் சொல்லிட்டிருக்கேன். நீங்க வேற கேள்வி கேட்டீங்க, நான் பழைய பதில சொல்லிட்டேன். ராத்திரிக்கு யோசிக்கிறேன்” என்றார். அப்படிச் சொன்ன பிறகு எப்படிச் சண்டை போடுவது? அவரிடம் ஒரு கட்டையை விட்டுவிட்டு, முப்பத்தாறோடு மாரெட்பள்ளி திரும்பினேன்.

மறுநாள் செலவைக் குறைக்க உள்ளூர் ரயிலில் போனேன். செகந்திராபாத்தில் ஏறி ஃபதேநகரில் இறங்கினால் ஐந்து ரூபாய். அங்கிருந்து பட்டறைக்கு ஆட்டோவில் அறுபது. சனத்நகருக்குப் போகிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி, ஆனால் ரயில் வரும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நான் முப்பத்தைந்து நிமிடம் நின்றேன்.

தியாகு அன்றைக்கு வேறு ஆளாக இருந்தார். மேசைமேல் இரண்டு துண்டு ஸ்பாஞ்ச், அதன்மேல் என் கட்டை. கையில் அவருடைய டிபன் பையிலிருந்து எடுத்த உப்பு டப்பா. “அதிர்ற எந்தப் பொருள்லயும் அதிராத எடம் ஒண்ணு ரெண்டு இருக்கும்கா. நாங்க தகடுல அத தேடுவோம், அங்க போய் போல்ட் போடறதுக்கு. உங்க கட்டையிலயும் இருக்கணுமில்ல?” என்றார். உப்பைக் கட்டைமேல் மெல்லிசாகத் தூவினார். “நடுவுல தட்டுங்க. மெதுவா, விடாம.”

தட்டினேன். உப்பு துள்ளியது. நடுவில் இருந்தது இரண்டு பக்கமும் ஓடியது, ஓரத்தில் இருந்தது உள்ளே வந்தது. இருபது தட்டுக்குள் கட்டையின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் நின்றன. எவ்வளவு தட்டினாலும் அந்த உப்பு மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டையைத் தட்டியிருக்கிறேன், இப்படி ஒரு கோடு அதற்குள் இருப்பது எனக்குத் தெரியாது. பத்மா வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். “முக்குலா உந்தி” என்றார், கோலம் போல இருக்கிறது என்று.

நான் ஹைதராபாத்துக்கு வந்தபோது என் மனதில் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. செய்தவன் துளையைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறான், அதனால்தான் கட்டை செத்துப்போனது என்பதுதான் அது. எனக்கு இதை விற்ற சென்னை வாத்தியக் கலைஞரை இரண்டு முறை போனில் கூப்பிட்டுத் திட்டியும் இருக்கிறேன். தியாகு ஒரு மெல்லிய கம்பியைக் கட்டையின் துளைக்குள் செருகினார். வெள்ளைக்கோடு அந்தக் கம்பிக்கு நேர் மேலே நின்றது. இன்னொரு துளை, அதுவும் அப்படியே. பெரிய கட்டை ஒன்று, சின்னக் கட்டை ஒன்று என்று ஆறு கட்டைகளில் பார்த்தோம். எல்லாமே சரி. செய்தவன் யாரோ, கைதேர்ந்தவன்.

“கட்டையில குத்தமில்ல” என்றார் தியாகு. “புடிச்சிருக்கிற விதத்துலதான். இந்தக் கயிறு யாரு போட்டது?”

தடித்த நைலான் கயிறு. துணி காயப்போடுகிற கொடிக்கயிறு. துளையில் முழுக்க அடைத்துக்கொண்டு, இழுத்தால்தான் நகரும். ஒவ்வொரு முளையிலும் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. பூட்டினால் அந்த ரப்பர் இரண்டு பக்கக் கட்டைகளையும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அந்தக் கயிற்றை வாங்கிய கடை, டியூபை வெட்டிய கத்தரிக்கோல், எல்லாம் ஞாபகம் வந்தது.

“நான்தான்” என்றேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு பங்குனி மாதம் கரூர், திண்டுக்கல், தேனி என்று தொடர்ந்து பதினோரு நாள் கச்சேரி. வேனில் எல்லா வாத்தியத்தோடும் இதையும் அப்படியே ஏற்றுவோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் கட்டைகள் கடகடவென்று ஆடும். குழுவில் எல்லோரும் தூங்கவிடாமல் செய்கிறது என்று கிண்டல் செய்தார்கள். ஒழுங்காகச் செய்வதென்றால் ஒவ்வொரு ஊரிலும் கட்டைகளைக் கழற்றிச் சுருட்டி, இறங்கியதும் மறுபடி பூட்ட வேண்டும். இருபத்தைந்து நிமிட வேலை. எனக்கு அலுப்பு. ஊர் திரும்பியதும் கொடிக்கயிறும் சைக்கிள் டியூபும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடாமல் அசையாமல் கட்டிவிட்டேன். வேனில் சத்தம் நின்றது. எல்லோரும் பாராட்டினார்கள். மேடையிலும் சத்தம் நின்றுபோனது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் ஒரே நாளில் அது தெரியவில்லை. நான் கொஞ்சம் ஓங்கி அடித்தேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். மூன்று வருடம் என் கை அந்தக் கயிற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறது. வயதாகிவிட்டது என்று டாக்டரிடம் நானே சொன்னேன். நான் கெடுத்தது வாத்தியத்தை மட்டுமா? என் மணிக்கட்டையும் நானேதான் கெடுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் தியாகுவிடம் சொல்லும்போது அவமானமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. “என்கிட்ட வந்திருந்தாலும் அதேதான் செஞ்சிருப்பேன்கா. நேத்து செஞ்சேனே” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. கயிறு மெல்லிசாக இருக்க வேண்டும், துளையில் தாராளமாக ஆட வேண்டும், ஆனால் நாள்பட நீளக்கூடாது. திருமுல்கேரியில் ராணுவத்தாருக்குக் கூடாரச் சாமான், பூட்ஸ் எல்லாம் விற்கிற கடைகள் இருக்கின்றன, அங்கே பின்னல் கயிறு கிடைக்கும் என்று தியாகு சொன்னார். மாரெட்பள்ளியிலிருந்து நாலரை கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய். மாலதி தன் ஸ்கூட்டரிலேயே கூட்டிப்போனாள். மூன்றாவது கடையில் கிடைத்தது. மூன்று மில்லிமீட்டர் தடிமன், மீட்டர் பதினெட்டு ரூபாய். கடைக்காரர் கூடாரம் எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்டார். ஏணிக்கு இது எவ்வளவோ தேவலை.

புதன்கிழமை முழுவதும் பட்டறையில். முளைக்கு மாட்டுவதற்கு தியாகு ஒரு சின்ன ரப்பர் உருளையை வரைந்திருந்தார், இடுப்பு ஒடுங்கிய மாதிரி. கயிறு அந்த இடுப்பில் உட்காரும். கட்டை கயிற்றில் மட்டும் இருக்கும், முளையைத் தொடாது. நான்கு சட்டங்களிலும் சேர்த்து எழுபத்தெட்டு முளைகள், எழுபத்தெட்டு உருளைகள். அச்சை லேத்தில் கடைந்து முடிக்கப் பதினோரு மணியானது. முதலில் வந்த பன்னிரண்டையும் மாட்டிப் பார்த்தோம். பழையதற்கு இது பரவாயில்லை, ஆனால் சத்தம் இன்னும் பாதியில் விழுந்தது. ரப்பர் கெட்டி. “எவ்ளோ மெத்துன்னு வேணும்?” என்று கேட்டார். அவரிடம் அதை அளக்க ஒரு மானி இருக்கிறது, எனக்கு அந்த எண்கள் தெரியாது. யோசித்துவிட்டு என் காது மடலைப் பிடித்துக் காட்டினேன். பத்மா எட்டி வந்து தன் காதைப் பிடித்துப் பார்த்தார், பிறகு தியாகுவின் காதையும் பார்வையால் அளந்துவிட்டு, போய் வேறு கலவையை எடுத்தார். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு, சுற்றுக்கு எட்டு நிமிடம், ஏழு சுற்று. கயிற்றின் முனையில் ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்தார், இழுவிசை எப்போதும் ஒரே மாதிரி இருக்க. நாலே முக்காலுக்குப் பூட்டி முடித்தோம்.

குச்சியை எடுத்து நடு ‘ஸ’வை அடித்தேன். கொட்டகை முழுக்க எல்லோரும் திரும்பினார்கள். லேத்துக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். என் காதே அடைத்துக்கொண்டது. “அடிக்க நக்கோ அக்கா!” என்று தியாகு கையை உயர்த்தினார். “வேணாம், வேணாம். சும்மா வையுங்க, அதுவே பேசும்.”

சும்மா வைக்க எனக்கு வரவில்லை. மறுபடி மறுபடி முயன்றேன். தோளிலிருந்து கை ஓங்கியே இறங்கியது. கட்டை மூன்று வருட நோயிலிருந்து ஒரே மாலையில் எழுந்துவிட்டது, என் கைக்குத்தான் பழைய மெல்லிய தட்டு மறந்துவிட்டது. ஆறு மணி வரை அங்கேயே நின்று, ஒரே கட்டையை, ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, குச்சியின் எடை மட்டுமே விழுந்த மாதிரி ஒன்று விழுந்தது. கட்டை நீளமாகப் பாடியது. வலி இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை ரயிலில் திரும்பினேன். இந்த முறையும் கட்டைகளைத் தனியே, சட்டங்களைத் தனியே கட்டிக்கொண்டேன். ரயிலில் உட்கார்ந்தபடி அந்தச் சென்னைக் கலைஞரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்த சைலோஃபோன்மா?” என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாரெட்பள்ளி, திருமுல்கேரி, சனத்நகர் மூன்றையும் ஒரே நாளில் அடக்க முயலாதீர்கள். மழைக்காலத்தில் நெரிசல் உங்களைத் தோற்கடிக்கும். பட்டறைகளில் அரைகுறை இந்தியே போதும், தமிழ்க் குடும்பங்களும் நிறைய உண்டு. அச்சுக்கும் ரப்பருக்கும் தியாகு வாங்கியது 3,400 ரூபாய். போக்குவரத்து எல்லாம் சேர்த்து எனக்கு ஆறாயிரத்துக்குள் முடிந்தது. வாத்தியத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அதைத் தாங்குகிற சட்டம், கயிறு, முளை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நான் வெறும் கட்டைகளை மட்டும் கொண்டுபோயிருந்தால் கோளாறு திருச்சியிலேயே இருந்திருக்கும். உங்களுடையதும் கட்டை வாத்தியமாக இருந்து, சத்தம் மந்தமாக இருந்தால் ஒரு கட்டையை ஸ்பாஞ்சில் வைத்து உப்புத் தூவிப் பாருங்கள். ஐந்து நிமிடம்தான். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

இதை எழுத இத்தனை நாளானதற்குக் காரணம், ஆடி முதல் கச்சேரி முடியட்டும் என்று காத்திருந்ததுதான். ஒத்திகையில் குணா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து வந்து மைக்கை அரை அடி பின்னால் தள்ளி வைத்தார். ஆனால் டாக்டர் சொன்னதையும் அவர் மறக்கவில்லை. பதினெட்டுப் பாட்டில் ஏழு எனக்கு, மற்றவை கீபோர்டுக்கு என்று பட்டியல் போட்டார். பழைய நானாக இருந்தால் பட்டியலைக் கிழித்திருப்பேன். சரி என்றேன்.

உறையூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயில். நான்கு மணிக்கே போய், இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாகப் பூட்டினேன். ஏழு பாட்டு வாசித்தேன். இரண்டு இடத்தில் பழைய பழக்கம் வந்து ஓங்கிவிட்டேன், மற்றபடி கட்டைகள் தாங்களே பேசின. மணிக்கட்டு வீங்கவில்லை. எட்டாவது பாட்டை கீபோர்டு ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருடமாக நான் வாசித்த இடம் அது. என் கை தானாக எழுந்தது. அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன்.